பட்டு நமக்கு, புழு யாருக்கு?



போன மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் வசூல் எல்லாம் முடிந்து தீர்மான நோட்டை மூடப் போகிற நேரம். பிள்ளையார்பாளையம் பக்கத்துக் குழு ஒன்றின் ஊக்குநர் எழுந்து நின்றார். "அக்கா, எங்க குழுவுக்கு 2 லட்சம் கடன் வேணும். பூனைத் தீனி தயார் பண்ணப் போறோம்" என்றார். கூட்டத்தில் ஒரே சிரிப்பு. "நம்ம புள்ளைங்க தீனிக்கே வழியக் காணோம், பூனைக்கா?" என்று பின்வரிசையில் ஒரு அம்மா கேட்டார்.

ஊக்குநர் சிரிக்கவில்லை. கையில் ஒரு நோட்டீஸ் வைத்திருந்தார். ஒரு ஆள் வீடு வீடாகக் கொடுத்துவிட்டுப் போனதாம். புழு வளர்த்தால் அதிலிருந்து பூனை, நாய்த் தீனி தயாரிக்கலாம். ஒன்றரை லட்சம் கட்டினால் டிரே, மெஷின், புழு முட்டை எல்லாம் கொடுப்பார்கள். வளர்ந்த புழுவைக் காயவைத்துக் கொடுத்தால் அவர்களே வாங்கிக்கொள்வார்கள். மாதம் 40 ஆயிரம் நிச்சயம். இதுதான் நோட்டீஸில் இருந்த விஷயம்.

உடனே கொடுக்கலாம் என்று சிலர், கூடவே கூடாது என்று சிலர். கடைசியில் தலைவி அக்கா என்னைக் கைகாட்டி, "நீ விசாரிச்சு நம்ம செய்தி மடல்ல எழுது, அடுத்த கூட்டத்துல பேசிக்கலாம்" என்று முடித்துவிட்டார். பூனையைப் பற்றி எழுத நேரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. ஆனால் விசாரிக்க விசாரிக்க, இது நம் தறியோடும் நம் பணத்தோடும் சம்பந்தப்பட்ட விஷயம் என்று தெரிந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தறி வீட்டுப் பூனை

நம் ஊரில் பூனை என்பது ஆசைக்கு வளர்க்கும் பிராணி மட்டும் இல்லை. தறி இருக்கிற வீட்டில் அதற்கு வேலை இருக்கிறது. பாவுக்குப் போட்ட கஞ்சி வாசனைக்கு எலி வரும். ஒரு பாவில் மூன்று புடவை நெய்கிறோம். ராத்திரி ஒரே ஒரு எலி பாவில் வாய் வைத்துவிட்டால், அறுந்ததை இழை இழையாக எடுத்து முடிச்சுப் போட இரண்டு நாள் கூலி போய்விடும். முடிச்சு விழுந்த இடம் துணியில் தெரிந்தால் முதலாளியிடம் பேச்சு வேறு கேட்க வேண்டும். அதனால்தான் தறிக்குழி ஓரத்தில் ஒரு பூனை படுத்திருந்தால் யாரும் விரட்ட மாட்டோம்.

அதற்கு என்ன போடுகிறோம்? மீன் வாங்கும் வீட்டில் தலையும் வாலும். மற்ற வீட்டில் தயிர்சாதம், இல்லையென்றால் பாலில் பிசைந்த இட்லி. மிச்சத்தை அது எலியும் கரப்பானும் பிடித்துச் சரிக்கட்டிக்கொள்ளும் என்பது நம் கணக்கு. தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லி இருக்கிற ஊரில் பூனை வாயில் பல்லியைப் பார்த்தால் பாட்டிமார் பதறுவார்கள், அது வேறு கதை.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மாடியிலேயே அடைத்து வளர்த்த பூனை ஒன்று, மூன்று நாலு வருஷமாகத் தயிர்சாதம் மட்டும் சாப்பிட்டது. சைவ வீடு. போன வருஷம் அது தறிக்காலில் போய் முட்டிக்கொள்ள ஆரம்பித்தது. கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணுக்கு உள்ளே இருக்கிற திரை கெட்டுப்போச்சும்மா. சாப்பாடுதான் காரணமா இருக்கும். இனிமே பார்வை திரும்பாது" என்றாராம். அந்த வீட்டு அம்மா இதைச் சொல்லும்போதே அழுதுவிட்டார். பட்டினி போடவில்லையே, மூன்று வேளையும் போட்டோமே என்பதுதான் அவர் வருத்தம்.

சோறு ஏன் போதாது?

நாய்க்கும் பூனைக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. நாய் நம்மோடு சேர்ந்து சோறு தின்னப் பழகிய பிராணி. பூனை அப்படி இல்லை, அது முழுக்க முழுக்க மாமிசம் தின்னும் பிராணி. நம் உடம்பு கேரட்டிலிருந்தும் கீரையிலிருந்தும் வைட்டமின் ஏ தயாரித்துக்கொள்ளும். பூனை உடம்புக்கு அது தெரியாது. நேரடியாக ஈரல், மீன் போன்றதிலிருந்துதான் கிடைக்க வேண்டும்.

அதைவிட முக்கியமானது டாரின் என்கிற ஒரு சத்து. மாமிசத்திலும் மீனிலும் இருக்கிறது. குறிப்பாக இதயத்தில் நிறைய இருக்கும். அரிசியில் இல்லை, பருப்பில் இல்லை, சோயாவில் இல்லை. பாலில் ரொம்பக் கொஞ்சம். மனிதர்களும் நாய்களும் இதை உடம்பிலேயே ஓரளவு தயாரித்துக்கொள்வார்கள். பூனையால் தேவையான அளவு தயாரிக்க முடியாது, இருப்பதும் பித்தநீரோடு தினமும் வெளியேறிவிடும்.

1975-ல் அமெரிக்காவில் ஆராய்ச்சிக்காகப் பூனைகளுக்குப் பால் புரதம் மட்டும் கொடுத்து வளர்த்தபோது அவற்றின் கண் திரை கெட்டுப்போவதைக் கண்டுபிடித்தார்கள். காரணம் டாரின் குறைவு. 1987-ல் இன்னொரு உண்மையும் தெரிந்தது. கடையில் விற்ற பாக்கெட் தீனியைத் தின்ற பூனைகளுக்கே இதயம் பலூன் மாதிரி ஊதி பலவீனமாகி இறந்துகொண்டிருந்தன. அதற்கும் டாரின் குறைவுதான் காரணம். இதய நோயை ஆரம்பத்தில் கண்டுபிடித்து டாரின் கொடுத்தால் தேறிவிடும். கண் போனால் போனதுதான். அதன் பிறகுதான் கம்பெனிகள் தீனியில் டாரினைத் தனியாக, கூடுதலாகச் சேர்க்க ஆரம்பித்தன.

இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் சகோதரிகளே. புரதம் இருந்தால் மட்டும் பூனைத் தீனி ஆகிவிடாது. நோட்டீஸ்காரர் சொன்ன "புழுவில் 50 சதவீதம் புரதம்" என்பது உண்மையாகவே இருந்தாலும், அதை அரைத்துப் பாக்கெட்டில் போட்டால் பூனை உணவு என்று பேர் வைக்க முடியாது.

மீன் எங்கே போச்சு?

சரி, மீனையே போட்டுவிட்டுப் போகலாமே, புழு எதற்கு என்று கேட்கலாம். ராஜாஜி மார்க்கெட் பக்கம் கருவாடு விலை கேட்டவர்களுக்கு இதற்குப் பதில் பாதி தெரியும்.

பாக்கெட் தீனியில் போடுவது பெரும்பாலும் மீன் தூளும் கோழிக்கடைக் கழிவும் சோளமும் சோயாவும்தான். 1 கிலோ மீன் தூளுக்கு நாலு, நாலரை கிலோ பச்சை மீன் வேண்டும். மத்தி போன்ற சின்ன மீன்கள்தான் அரவைக்குப் போகின்றன. கோழிப் பண்ணைக்கும் இறால் பண்ணைக்கும் போவதுதான் அதிகம், பூனை நாய்க்கும் ஒரு பங்கு. அந்தச் சின்ன மீன்தான் ஏழைகள் வாங்கித் தின்கிற மீன். கேரளாவில் 2012-ல் 3 லட்சத்து 90 ஆயிரம் டன் மத்தி பிடித்தார்கள். 2021-ல் அது வெறும் 3,297 டன். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கு இது. கடல் சூடாவது ஒரு காரணம், குஞ்சு மீனையும் விடாமல் அள்ளுவது இன்னொரு காரணம். அப்புறம் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்றாலும், ஒரு மீனையே நம்பி இருக்க முடியாது என்று அந்த வருஷங்களில் எல்லாருக்கும் தெரிந்துபோனது.

பணக்கார நாடுகளில் இந்தக் கவலை இன்னும் அதிகம். அமெரிக்காவில் மாமிசத்துக்காகப் பிராணிகளை வளர்ப்பதால் நிலம், தண்ணீர், காற்றுக்கு வரும் பாதிப்பில் கால்பங்குக்கு மேல் அங்குள்ள நாய், பூனைகளின் தீனியால் வருகிறது என்று 2017-ல் ஒரு பேராசிரியர் கணக்குப் போட்டுச் சொன்னார். அதனால் மாற்றுப் புரதம் தேட ஆரம்பித்தார்கள். 2020-ல் பெரிய கம்பெனியான பூரினா, சுவிட்சர்லாந்தில் ஈப்புழு கலந்த நாய், பூனைத் தீனியைக் கடைக்குக் கொண்டு வந்தது. அடுத்த வருஷமே இங்கிலாந்தில் மார்ஸ் கம்பெனி பூனைக்கென்று ஒன்று விட்டது. கோழியை வளர்க்காமல் அதன் செல்லை மட்டும் தொட்டியில் வளர்த்து எடுத்த இறைச்சியைக் கூட 2025 பிப்ரவரியில் லண்டனில் நாய்த் தின்பண்டமாக விற்றுவிட்டார்கள்.

ஆகவே நோட்டீஸ்காரர் காற்றில் இருந்து கதை கட்டவில்லை. விஷயம் உண்மை. அது நம் கைக்கு எட்டுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு புடவைக்கு எத்தனை புழு?

இப்போது நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். நோட்டீஸில் இல்லாத ஒரு புழு நமக்குத் தெரிந்த புழு. பட்டுப்புழுதான்.

நாம் நெய்கிறோம், ஆனால் காஞ்சிபுரத்தில் பட்டுக்கூடு விளைவதில்லை. நூல் பெங்களூர்ப் பக்கமிருந்தும் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்தும் வருகிறது. முறுக்கேற்றி, சாயம் போட்டு நம் கைக்கு வரும்போது அதில் புழு இருந்த அடையாளமே கிடையாது. நான் கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் ஒரு கூட்டை உடைத்துப் பார்த்ததில்லை. தர்மபுரியில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்குப் போனபோதுதான் பார்த்தேன்.

கூட்டைச் சூடான காற்றிலோ ஆவியிலோ வைத்து உள்ளே இருக்கிற புழுவைக் கொன்றுவிடுகிறார்கள். அப்படிச் செய்யாவிட்டால் அது பூச்சியாகிக் கூட்டைத் துளைத்துவிடும், இழை அறுந்துபோகும். பிறகு கொதிநீரில் போட்டு நூலை உருவுகிறார்கள். நூல் முழுக்கப் போனதும் தொட்டியில் மிஞ்சுவது பழுப்பு நிறத்தில் விரல் நுனி அளவு கூட்டுப்புழு.

கணக்குப் பார்ப்போம். 1 கிலோ கச்சாப் பட்டு எடுக்க ஏறக்குறைய 7 கிலோ கூடு வேண்டும். கூட்டின் எடையில் ஐந்தில் நாலு பங்கு புழுதான். ஆக 1 கிலோ நூலுக்கு ஐந்தரை கிலோ ஈரப்புழு மிஞ்சும். காயவைத்தால் ஒன்றரை கிலோவுக்குள் வரும். நம் புடவை ஒன்றில் பட்டு மட்டும் அரை கிலோ என்று வைத்துக்கொண்டால், பசை நீக்கும்போது கால்பங்கு போய்விடுவதால் கச்சாப் பட்டு 650 கிராம் வேண்டும். அதற்குக் கூடு நாலரை கிலோ. எண்ணிக்கையில் சுமார் 2,500 கூடு. ஒரு முகூர்த்தப் புடவைக்குப் பின்னால் 2,500 புழு, காய்ந்த எடையில் 1 கிலோ அளவு. காஞ்சிப் பெரியவர் பட்டு வேண்டாம் என்று சொன்னது எதற்காக என்று இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். நெசவை நம்பிப் பிழைக்கிற நமக்கு அதற்குச் சட்டென்று பதில் சொல்ல முடியாது. செத்த புழு நாறி வீணாகாமல் இன்னொரு உயிருக்குச் சோறாகட்டும் என்று மட்டும் எனக்குத் தோன்றுகிறது.

காய்ந்த கூட்டுப்புழுவில் பாதிக்கு மேல் புரதம். கொழுப்பு நூற்றுக்கு 25 முதல் 30 வரை. எண்ணெயைப் பிழிந்துவிட்டால் மிஞ்சும் பிண்ணாக்கில் புரதம் 70-ஐத் தாண்டும். இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. ஜப்பானில் அந்தக் காலத்திலேயே கெண்டை மீனுக்கு இதைத்தான் போட்டார்கள். கொரியாவில் தெருக்கடையில் நாம் சுண்டல் வாங்குவதுபோல வேகவைத்த கூட்டுப்புழு வாங்கித் தின்கிறார்கள். அஸ்ஸாமில் எரிப் பட்டுப்புழுவை விருந்துக்குச் சமைப்பார்கள், அங்கே பட்டை விடப் புழுவுக்கு மவுசு என்றே சொல்வார்கள். நம் பக்கத்தில் கோழித் தீனிக்கும் மீன் தீனிக்கும் போகிறது, எண்ணெய் எடுக்கவும் வாங்குகிறார்கள். பெங்களூரில் 2019-ல் தொடங்கிய லூப்வோர்ம் என்கிற கம்பெனி பட்டுப்புழுவிலிருந்து புரதத் தூளும் எண்ணெயும் எடுத்துத் தீனிக் கம்பெனிகளுக்கு விற்கிறது.

ஆனால் இதில் சிக்கல் இருக்கிறது. நாத்தனார் வீட்டுத் தெருவில் நான் மூக்கை மூடிக்கொண்டுதான் நடந்தேன். தொட்டியிலிருந்து எடுத்த புழு ஒரு நாள் வெயில் தப்பினால் அழுகிவிடும். காயவைத்தாலும் உள்ளே கொழுப்பு நிறைய இருப்பதால் சிக்கு வாடை பிடித்துவிடும், தேங்காய்ப்பருப்பு காறிப்போவது மாதிரி. எண்ணெய் பிழிந்தால்தான் மூன்று நாலு மாதம் தாங்கும். ரோட்டோரம் கொட்டிக் காயவைத்ததில் மண்ணும் கல்லும் கலந்திருக்கும், எடையும் அதிலேயே ஏறும். இன்னொன்று, இந்தத் தூள் சிலருக்கு மூச்சிரைப்பு, அரிப்பு உண்டாக்கும். பட்டு நூற்பவர்களுக்கு ஆஸ்துமா வருவது தெரிந்த விஷயம். அரைக்கிற வேலை செய்பவர்கள் மூக்கில் துணி கட்டாமல் கிட்டப் போகக் கூடாது.

விலையை விசாரிக்கும்போதும் கவனம் வேண்டும். ஈரப்புழு கிலோ 10 ரூபாய் என்று யாராவது சொன்னால், சந்தோஷப்படாதீர்கள். 4 கிலோ காய்ந்தால் 1 கிலோ. அப்படியானால் காய்ந்தது கிலோ 40 ரூபாய். அதற்கு மேல் விறகு, கூலி, வேலூர் வழியாகக் காஞ்சிபுரம் வந்துசேர லாரி வாடகை.

குப்பையில் வளர்கிற ஈ

நோட்டீஸ்காரர் சொன்னது வேறு புழு. கருப்புச் சிப்பாய் ஈ என்று சொல்கிறார்கள். பேர்தான் புதுசு, நீங்கள் பார்த்திருப்பீர்கள். காய்கறிக் குப்பையை மக்கப் போட்ட தொட்டியில் தட்டையாக, பழுப்பாக, கும்பலாக நெளியுமே, அதுதான். வீட்டு ஈ மாதிரி சாப்பாட்டில் வந்து உட்காராது. பூச்சியான பிறகு அது சாப்பிடுவதே பெரிதாக இல்லை, முட்டை போட்டுவிட்டுச் செத்துப்போகும். குஞ்சுப்புழு இரண்டு, இரண்டரை வாரத்தில் பெரிதாகிவிடும். காய்ந்த புழுவில் 40 சதவீதம் அளவு புரதம், 30 சதவீதம் கொழுப்பு. மிஞ்சும் கசடு செடிக்கு உரம்.

நம் ஊரில் கல்யாண மண்டபத்துக்குக் குறைச்சல் இல்லை. ஒரு முகூர்த்த நாளில் எத்தனை கூடை சோறும் காயும் குப்பைக்குப் போகிறது! அதனால் பார்வைக்கு இது நமக்கென்றே அமைந்த தொழில் மாதிரி இருக்கிறது. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

கணக்குப் போட்டதும் முகம் மாறிவிட்டது. 100 கிலோ ஈரக் குப்பைக்கு நன்றாக விளைந்தால் 20 கிலோ ஈரப்புழு வரும், காய்ந்தால் ஆறு, ஏழு கிலோ. நோட்டீஸில் தினம் 20 கிலோ காய்ந்த புழு என்று போட்டிருக்கிறது. அதற்குத் தினம் 300 கிலோ குப்பை வேண்டும். ஞாயிறு, தீபாவளி எதுவும் கிடையாது, புழு லீவு போடாது. ஆடியிலும் மார்கழியிலும் மண்டபம் பூட்டிக் கிடக்குமே, அப்போது புழு எதைத் தின்னும்? அந்த 300 கிலோவை யார் தூக்குவது, எந்த வண்டியில், கசடு எங்கே கொட்டுவது, தெருக்காரர் வாடைக்குச் சும்மா இருப்பார்களா? எட்டு பேர் குழுவில் ஆறு பேர் தறி வேலை பார்க்கிறவர்கள்.

இன்னொரு விஷயம். ஐரோப்பாவில் தீனிக்காக வளர்க்கும் புழுவுக்குச் சமையல் கழிவு, ஓட்டல் எச்சில் போடவே கூடாது என்று சட்டம் இருக்கிறது. தவிடு, காய்கறி போன்ற சுத்தமான தாவரத் தீனியைத்தான் பெரும்பாலும் போடுகிறார்கள். குப்பையில் இருக்கிற விஷச் சத்தும் நோய்க்கிருமியும் புழு வழியாகப் பிராணிக்குப் போகும் என்கிற பயம்தான். பந்திக் குப்பையில் வளர்த்த புழுவை நல்ல கம்பெனி வாங்குமா என்பதையும் யோசிக்க வேண்டும்.

2 லட்சம் கடன் கேள்வி

வாங்கிக்கொள்கிறோம் என்ற வாக்குறுதிதான் இந்த நோட்டீஸின் உயிர். 2012-ல் ஈரோடு மாவட்டம் பெருந்துறையில் என்ன நடந்தது என்று பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஈமு கோழி வளருங்கள், நாங்களே வாங்கிக்கொள்கிறோம், மாதாமாதம் பணம் என்றார்கள். நிலத்தையும் நகையையும் வைத்துக் கட்டியவர்கள் ஆயிரக்கணக்கானோர். கம்பெனி மூடியதும் கோழிக்குத் தீனி போடக்கூடக் கையில் காசில்லாமல் நின்றார்கள். ஈமு கோழி என்பதும் உண்மையான பிராணிதான், வெளிநாட்டில் உண்மையாகவே தொழில் நடக்கிறதுதான். ஆனால் நம் ஊரில் அந்தக் கறியை வாங்க ஆளில்லை.

ஏமாற்று என்று இல்லாமல், நியாயமாகவே தொழில் செய்தவர்களுக்கும் இதில் அடி விழுந்திருக்கிறது. பிரான்சில் இன்செக்ட் என்று ஒரு கம்பெனி புழுப் புரதம் தயாரிக்கப் பல ஆயிரம் கோடி ரூபாய் முதலீடு திரட்டியது. கடைசியில் கோழி, மீன் தீனி கட்டுப்படி ஆகவில்லை என்று நாய், பூனைத் தீனி பக்கம் திரும்பியது. 2024 செப்டம்பரில் கடனிலிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதாகிவிட்டது. மீன் தூளை விடப் புழுத் தூள் விலை அதிகம் என்பதுதான் எல்லா இடத்திலும் தடங்கல்.

நான் அந்த ஊக்குநரையும் கூட்டிக்கொண்டு நோட்டீஸில் இருந்த நம்பருக்குப் பேசினேன். மூன்று கேள்வி கேட்டோம். என்ன விலைக்கு, எத்தனை வருஷம் வாங்குவீர்கள், அதை முத்திரைத்தாளில் எழுதித் தருவீர்களா? இதுவரை உங்களிடம் விற்றுப் பணம் வாங்கிய குழு ஒன்றின் இடத்தைக் காட்டுவீர்களா? எங்கள் முன்பணத்துக்கு வங்கி உத்தரவாதம் உண்டா? "ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேம்மா" என்றார். அதற்குப் பிறகு அந்த நம்பர் எடுப்பதில்லை.

ஊக்குநருக்கு வருத்தம்தான். "அப்போ எதுவுமே செய்யக் கூடாதாக்கா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. நெசவுக் கூலியை மட்டும் நம்பி இருக்க முடியாமல்தானே அவர் இதைத் தேடிப் போனார்.

என் அபிப்பிராயம் இதுதான். முழுமையான பூனை உணவு தயாரிப்பது சிறு குழுவால் ஆகாது. அதற்கு மாவை அழுத்திப் பொரிக்கிற பெரிய மெஷின், டாரின், வைட்டமின் கலவை, ஒவ்வொரு முறையும் பரிசோதனை எல்லாம் வேண்டும். தவறாகக் கலந்தால் நான் முன்னே சொன்ன மாடிப் பூனை கதைதான், அதுவும் ஊர் முழுக்க. ஆனால் எண்ணெய் பிழிந்த பட்டுப்புழுத் தூளை நாட்டுக்கோழித் தீனியில் மீன் தூளுக்குப் பதிலாகக் கொஞ்சம் சேர்ப்பது நம்மால் ஆகும். கோழி வளர்க்கிற குழு நம் கூட்டமைப்பிலேயே இருக்கிறது, விற்பனைக்கு வெளியே அலைய வேண்டாம். வாங்குகிற தூளை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உள்ள தீனிப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினால் புரதம், கொழுப்பு, மண் எவ்வளவு என்று எழுதித் தருவார்கள். பயிற்சிக்குக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது.

1989-ல் தமிழ்நாட்டில் மகளிர் குழு இயக்கம் முதன்முதலில் ஆரம்பித்ததே தர்மபுரியில்தான். அங்கே இருக்கும் சகோதரிகளிடமே சரக்கு வாங்கினால் தரகர் தேவையில்லை என்று நான் சொன்னதை எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். இம்மாதக் கூட்டத்தில் 2 லட்சம் கடன் தீர்மானம் தள்ளிவைக்கப்பட்டது. அதற்குப் பதிலாக 10 கிலோ தூள் வாங்கிப் பார்க்க மட்டும் அந்தக் குழுவின் உள்கடனிலிருந்து பணம் எடுக்க அனுமதி தரப்பட்டது.

வீட்டுப் பூனைக்கு இப்போதைக்கு என்ன செய்யலாம்?

பல பேர் கேட்டதால் இதையும் எழுதிவிடுகிறேன். அசைவ வீடு என்றால் சுலபம். பிராய்லர் கடையில் கோழி இதயமும் கழுத்துக் கறியும் கேட்டு வாங்குங்கள், மலிவாகவே கிடைக்கும். உப்பு, காரம் இல்லாமல் வேகவைத்து எலும்பை எடுத்துவிட்டு, வெந்த தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே ஒரு பிடி சோற்றைப் பிசைந்து வையுங்கள். டாரின் தண்ணீரில் இறங்கிவிடும், தண்ணீரைக் கொட்டினால் அதையும் கொட்டியதாக ஆகும். ஈரல் வாரத்தில் ஒரு நாள் போதும். வெந்த கோழி எலும்பு தொண்டையில் குத்தும். வெங்காயம், பூண்டு பூனைக்கு விஷம், குழம்பு ஊற்றிய சோறு வேண்டாம்.

சைவ வீட்டில் பூனையை வெளியே விடாமல் வளர்க்கிறீர்கள் என்றால், பாக்கெட் தீனி வாங்குவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. 4 கிலோ எடையுள்ள பூனைக்கு நாளைக்கு 50, 60 கிராம் போதும். பாக்கெட்டின் பின்பக்கம் படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். டாரின் என்று எழுதியிருக்க வேண்டும். பெரிய பூனைக்குப் புரதம் 26 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, குட்டிக்கு 30. நாய் பிஸ்கட் விலை குறைவு என்று அதைப் போடாதீர்கள். மீல்மேக்கரும் முட்டையும் நல்ல புரதம்தான், ஆனால் அவற்றை மட்டும் நம்பக் கூடாது.

பூனைக்குக் காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்று நமக்குப் போடுகிற பாராசிட்டமால் மாத்திரையை உடைத்துக் கொடுக்கிறோமே, அதை இன்றோடு நிறுத்துங்கள். ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

தர்மபுரித் தூள் போன வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வந்து சேர்ந்தது. நாமக்கல்லுக்கு அரை கிலோ அனுப்பியாகிவிட்டது. கால்நடை டாக்டரைக் கேட்டுக்கொண்டு, வழக்கமான சாப்பாட்டின் மேல் ஒரு சிட்டிகை தூவி எங்கள் தெருவில் மூன்று பூனைக்கு வைத்துப் பார்த்தோம். ஒன்று நக்கித் தீர்த்துவிட்டு இன்னும் கேட்டது. ஒன்று மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. மூன்றாவது, முன்னங்காலால் தரையைப் பறித்துப் பறித்து மண் போட்டு மூடுகிற மாதிரி செய்தது. ஊக்குநர் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "கோழிக்கே போடலாம்கா" என்றார்.

நாமக்கல் ரிப்போர்ட் வந்ததும் அடுத்த இதழில் எழுதுகிறேன்.